ஈர ஓட்டு

மழை பெய்ய வேண்டும் என்று ரேலீன் மனசார ஆசைப்பட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆட்டுக் கம்பளி கத்தரித்துப் பிழைக்கிறவர்களுக்கு மழை ஆகாது. நனைந்த ஆட்டைக் கத்தரிக்க முடியாது. கத்தரிக்காத ஆட்டுக்குக் கூலி கிடையாது. ஒவ்வொரு நாளும் விடிகிற நேரத்தில் வானத்தைப் பார்த்து, 'இன்னிக்கு மட்டும் வேண்டாம்' என்று முணுமுணுத்தே முடி நரைத்தவள் அவள். அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், மல்கரா பண்ணைக் கொட்டகையின் மரச்சரிவில் நின்றுகொண்டு, வடக்கே தெரிந்த கருமேகத்தைக் கடன் கேட்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளிப் பொதிகளை லாரியில் உருட்டிவிடுவதற்காகக் கட்டிய சரிவு அது. அந்தப் பண்ணையில் செல்போன் எடுக்கிற ஒரே இடமும் அதுதான். இடது காதை வேலிப் பக்கம் திருப்பி, ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றால் சிக்னல் இரண்டு கோடு வரும்.

"மேகம் இருக்கா?" என்றான் போனில் அவள் புருஷன் டெஸ்.

நரிங்கா ஊரில், வீட்டுச் சமையலறையில் இருந்து பேசுகிறான். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறான் என்பது அவளுக்குக் குரலிலேயே தெரிந்தது. போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் பொத்திக்கொள்வான். கோடையில் பல் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்ததிலிருந்து அவன் அப்படித்தான்.

"வடக்கே கொஞ்சம் கறுத்துக் கெடக்கு. நம்ப முடியாது."

"ஆடு எவ்வளவு மிச்சம்?"

"ஒரு நாள் வேலை. நாளைக்கு மட்டும் ஒழுங்கா ஓட்டினா சாயங்காலம் கொட்டகை முடிஞ்சிரும்."

கொட்டகை முடிந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஒப்பந்தக்காரர் மெர்வ் பழைய காலத்து ஆள். கடைசி ஆடு கதவைத் தாண்டியதும், கைகழுவுகிற நேரத்துக்குள் அந்தக் கொட்டகையின் மொத்தக் கூலியையும் கணக்கில் போட்டுவிடுவார். மற்ற ஒப்பந்தக்காரர்கள் இழுத்தடிக்கிற ஊரில் அது அவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது ரேலீனின் கழுத்தில் கத்தி.

முதுகு போய் வேலையை விட்டவன் டெஸ். அவனுக்கு அரசாங்கம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு தொகை கொடுக்கிறது. அது நிலையான தொகை இல்லை. பெண்டாட்டி கைக்கு அந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு கூலி வந்ததோ அதைப் பார்த்து ஏறும், இறங்கும். அவள் மழையில் சும்மா உட்கார்ந்தால் ஏறும். வெயிலில் வேகமாகக் கத்தரித்தால் இறங்கும். அந்தத் தொகையோடு ஒட்டிக்கொண்டு வருவது ஒரு சலுகை அட்டை. மருந்துக்கு அதுதான். பல்லுக்கும் அதுதான்.

இந்தப் பதினைந்து நாள் கணக்கு நாளையோடு முடிகிறது. போன கொட்டகையின் கூலி ஏற்கெனவே இதில் விழுந்துவிட்டது. நாளைக்கு மல்கராவும் முடிந்தால் இரண்டு கொட்டகைக் கூலியும் ஒரே கணக்கில் விழும். டெஸ்ஸின் தொகை சுத்தமாகப் பூஜ்யம்.

வியாழக்கிழமை ஊருக்கு அரசாங்கப் பல் வைத்திய வண்டி வருகிறது. டெஸ்ஸின் பல்செட் அந்த வண்டிக்குள் அவன் பெயர் எழுதிய டப்பாவில் இருக்கிறது. அட்டை செல்லுபடியாகிறதா என்று அன்றைக்கே பார்ப்பார்கள். செல்லவில்லை என்றால் டப்பாவை மூடி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வண்டி மறுபடி எப்போது வரும், அந்த வரிசையில் டெஸ்ஸின் பெயர் எங்கே இருக்கும் என்பதெல்லாம் கடவுளுக்கே தெரியாது.

"மெர்வ்கிட்ட சொல்லிப் பாக்கலாமா? புதன்கிழமை போடுய்யான்னு?" என்றான் டெஸ்.

"யோசிச்சேன். வேலை செஞ்சு முடிச்சு, பணத்தை மட்டும் ஒளிச்சு வைன்னு சொன்னா அது கள்ளக்கணக்கு. நாளைக்கு எவனாவது தோண்டினா மெர்வ் தலையும் உருளும்."

"தொகை குடுக்கிற ஆபீசுக்குப் போன் போட்டியா?"

"மத்தியானம் போட்டேன். பாட்டு போட்டான். கேட்டுக்கிட்டே இருந்தேன். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மிஷின் சத்தம் வந்துருச்சு, பாட்டு முடியல."

டெஸ் சிரித்தானா, மூச்சு விட்டானா தெரியவில்லை. பிறகு சொன்னான். "விடு, ரேலீன். கஞ்சி நல்லாத்தான் இருக்கு. பழகிருச்சு."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். டெஸ் பழகிவிட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை சாராயக்கடையில் அவன் பேசினால் தெருவுக்கு இந்தப் பக்கம், தன் வீட்டு வாசலில் நின்று அவள் வார்த்தை வார்த்தையாகக் கேட்கலாம். அந்த மனுஷன் கோடையிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. மகள் வந்தால்கூடத் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து குழைந்த உருளைக்கிழங்கை விழுங்குகிறான்.

"அட்டை போயிரும்டா, டெஸ். பூஜ்யம் ஆனா அட்டை செத்துரும்னு எல்லாரும் சொல்றாங்க. பல்லு போயிரும்." குரல் உயர்ந்துவிட்டது. "நாளைக்கு மட்டும் ஆடு நனைஞ்சா போதும். ஒரே ஒரு நாள். ஊர்ல இருக்கிற அத்தனை சாமியும் சேர்ந்து ஒரு வாளித் தண்ணி ஊத்தக் கூடாதா?"

லைன் அறுந்தது. அவள் திரும்பினாள்.

சரிவுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி நிழலில், கூடக் கத்தரிக்கிற மற்ற நாலு பேரும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் மும்முரமாகத் தங்கள் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

மல்கராவில் கத்தரிப்புக்காரர்கள் ஐந்து பேர். வாயாடி டூலி. நியூசிலாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மவோரி ஆள் ஹெமி. ஹாக்கெட் சகோதரர்கள் இருவர். அவர்களில் மூத்தவன் காசு விஷயத்தில் கெட்டி, இளையவன் மூத்தவனைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். ஐந்தாவது ரேலீன்.

சமையல்காரி பெவ் ஆட்டுத்தொடையைச் சுட்டு, பூசணியும் பட்டாணியுமாகக் குவித்து வைத்திருந்தாள். ரேலீன் கறியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை. வீட்டில் வெட்டிக் கொடுத்துக் கொடுத்துக் கைக்கு வந்த பழக்கம்.

"யாருக்கு ஊட்டப் போற?" என்றான் டூலி.

"உனக்குத்தான். வாயைத் தொற."

"என் வாய் தொறந்தேதான் இருக்கு, தாயி. ஊருக்கே தெரியும்."

ஹெமி சிரித்தான். மூத்த ஹாக்கெட் ரொட்டியால் தட்டைத் துடைத்தான். யாரும் சரிவுப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மேசை சுற்றி ஒரு மரியாதை நடமாடியது. உப்பு அவள் கேட்காமலே வந்தது. அது அவளை இன்னும் படுத்தியது.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் பெவ் அவளை மடக்கினாள்.

"நான் சொல்றதைக் கேளு. நம்ம ஊரு டாட் இருக்காளே, அவ தங்கச்சிக்கு இப்படித்தான் ஆச்சு. ஆப்பிள் தோட்டத்துல ரெண்டு வாரம் நல்ல கூலி. தொகை நின்னுச்சு, அட்டையும் போச்சு. மருந்துக்கடைக்காரன் முழு விலை கேட்டப்பதான் தெரியும் அவளுக்கு."

"அதான் பயமா இருக்கு, பெவ்."

"பேசாம இந்தத் தடவை கூலியைச் சொல்லாதே. புதன்கிழமை ஆபீசுக்குக் கணக்குச் சொல்லணும்ல, மறந்த மாதிரி இருந்துரு. பல்லு வாயில ஏறினதுக்கு அப்புறம் சொல்லிக்க. வாய்ல இருந்து பிடுங்கிட்டா போகப் போறான்?"

ரேலீன் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். சொல்லாமல் விடுவது. சுலபம்தான். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த எண்ணமே காலுக்குள் புகுந்த முள்விதை மாதிரி நடக்க நடக்கக் குத்தியது.

இன்னொரு வழி இருந்தது. அதைப் பெவ் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். கத்தரிப்புக்காரர்கள் எவரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஆடு நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று முடிவு செய்வது முதலாளி இல்லை, மெர்வ் இல்லை. கத்தரிக்கிறவர்கள். சந்தேகம் என்று ஒருவர் சொன்னால் போதும். ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்ப்பார்கள். பிறகு சீட்டில் எழுதிப் போடுவார்கள். பெரும்பான்மை எதுவோ அது. யார் என்ன எழுதினார்கள் என்று கேட்கக் கூடாது. எழுதினவர் சொல்லவும் கூடாது. ஈரக் கம்பளியோடு மல்லுக்கட்டி மூட்டு வீங்கி, தோல் கொப்பளித்துச் செத்தவர்கள் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த உரிமை. மூஞ்சியைப் பார்த்து, கூலியைப் பார்த்து, ஊருக்குப் போகிற அவசரத்தைப் பார்த்து எழுதக் கூடாது. ஆட்டைப் பார்த்து எழுத வேண்டும்.

அவளிடம் ஒரு ஓட்டு இருந்தது.

*

செவ்வாய் விடிந்தபோது வானம் கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி இருந்தது.

வடக்கே இருந்த மேகம் வேறு யாருடைய ஊருக்கோ போய்விட்டது. விடியலில் லேசாக ஒரு தூறல் தகரத்தில் நடந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து, காதைக் கூர்மையாக்கி, மூச்சை அடக்கி அவள் படுத்திருந்தாள். ஒரு கெட்டில் கொதிக்கிற நேரம்கூட அது நிற்கவில்லை. வாசலில் கிடந்த தூசியில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள் மட்டும் இருந்தன.

மல்கரா முதலாளி பிரெண்டிஸ் வாசலிலேயே நின்றார். "ஆடெல்லாம் ராத்திரி முழுக்கக் கொட்டகைக்கு அடியிலதான் இருந்துச்சு. ஒரு சொட்டு படல. ஆரம்பிங்கப்பா, சாயங்காலம் முடிச்சிரலாம்."

ரேலீன் வாயைத் திறக்க நினைத்தாள். நாக்கு எழவில்லை.

"எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றது ஒரு குரல். டூலி. மூக்கைச் சுளித்துக்கொண்டு பட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "தூறல் போட்டுச்சுல்ல."

"தூறலா? அதுல என் தொப்பிகூட நனையல."

"உங்க தொப்பியை யாரு கத்தரிக்கப் போறா, மிஸ்டர் பிரெண்டிஸ்?"

மெர்வ் பெருமூச்சு விட்டார். "சரி. ஆளுக்கு ரெண்டு. அப்புறம் ஓட்டு."

மிஷின்கள் உறுமின. ரேலீன் பட்டிக் கதவைத் தள்ளி, ஒரு ஆட்டைத் தாடையில் பிடித்துத் திருப்பி, பின்காலில் இழுத்து வந்தாள். முழங்காலுக்கு நடுவே அது சாய்ந்து உட்கார்ந்தது. வயிற்றில் முதல் இழுப்பு. பிறகு தொடை, வால், கழுத்து. கை தானாக ஓடியது. கத்தரிக்கு முன்னால் இடது கை தோலை இழுத்துக் கொடுத்துக்கொண்டே போனது. அந்த இடது கைதான் கேட்டுக்கொண்டும் போனது. ஈரமா? கம்பளியின் நுனியில்? இல்லை. முன்காலுக்கு அடியில், ஈரம் கடைசியாக ஒளிந்துகொள்கிற மடிப்பில்? இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் ஆட்டின் சூடும் மட்டும். உரித்த கம்பளி மேகம் மாதிரி பொசுபொசுவென்று தரையில் விழுந்தது.

இரண்டாவது ஆட்டில் இன்னும் தேடினாள். கழுத்தின் பின்புறம், முதுகெலும்பின் மேல். ஒரு பொட்டு ஈரம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மனசாட்சியை நகர்த்திவிடலாம். விரல்களை ஆழமாக நுழைத்துத் துழாவினாள். ஆடு அவளை அலுப்போடு பார்த்தது.

காய்ந்திருந்தது. அடுப்பங்கரைச் சுள்ளி மாதிரிக் காய்ந்திருந்தது.

மெர்வ் ஒரு தாளைக் கிழித்து ஐந்து துண்டாக்கினார். பென்சில் ஒன்றுதான். ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பி எழுதி, மடித்து, புகையிலை டப்பாவில் போட்டார்கள். டூலி எழுதினான். ஹெமி எழுதினான். ஹாக்கெட்டுகள் எழுதினார்கள். பென்சில் கடைசியாக அவளிடம் வந்தபோது அதில் நாலு பேரின் கைப்பிசுக்கும் இருந்தது.

ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தை. ஈரம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? டெஸ் பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற முதுகை நினைத்துக்கொண்டாள். அந்த முதுகுக்காகவாவது எழுது.

பென்சிலைத் தாளில் வைத்தாள். எழுதினதைப் பார்த்தபோது, 'காய்ந்தது' என்று இருந்தது.

அழித்து எழுத முடியாது. மெர்வ் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மடித்தாள், கோணலாக மடிந்தது. போட்டாள். போட்டதும், இருக்கிற ஒரு ஓட்டையும் புருஷனுக்கு எதிராகப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று புரிந்தது. ஆட்டைப் பார்த்து எழுதிய ஆள், வீட்டைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை டெஸ்ஸிடம் என்ன சொல்வாள்? டப்பாவை மூடி வைத்துவிட்டார்கள், ஆனா ஆடு காய்ஞ்சிருந்துச்சுடா என்றா?

மெர்வ் கையை விட்டு முதல் சீட்டை எடுத்தார். கோணலாக மடிந்த சீட்டு.

"காய்ந்தது."

பிரெண்டிஸ் தலையை ஆட்டினார். ரேலீன் தரையைப் பார்த்தாள்.

"ஈரம்."

யாரோ இருமினார்கள்.

"ஈரம்."

அவள் நிமிர்ந்தாள். மெர்வ்வின் புருவம் லேசாக ஏறியது.

"ஈரம்."

மெர்வ் கடைசிச் சீட்டைப் பிரித்து, வெளிச்சத்தில் காட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடியும் படித்தார்.

"ஈரம். நாலுக்கு ஒண்ணு. ஆடு ஈரம். இன்னிக்கு வேலை இல்லை."

"ஈரமா?" பிரெண்டிஸ் பாய்ந்து ஒரு ஆட்டின் முதுகில் கையை மணிக்கட்டு வரை நுழைத்தார். "இதுவா ஈரம்? என் மீசை இதைவிட ஈரமா இருக்கு."

"நீங்க மேல தொட்டுப் பாக்குறீங்க," என்றான் டூலி. "நாங்க வயித்துக்குக் கீழே இருந்து பாக்குறோம். அங்க ஒரே வெள்ளம்."

"நாலு பேருக்கு வெள்ளம். ஒருத்தனுக்கு மட்டும் பாலைவனம்," என்றான் ஹெமி. அவன் பார்வை மூத்த ஹாக்கெட் மேல் போய் நின்றது. டூலியின் பார்வையும் அங்கேதான் போனது. காசு விஷயத்தில் கெட்டியானவன் வேறு யார்? மூத்த ஹாக்கெட் வாயைத் திறந்தான். சொல்லக் கூடாது என்கிற சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். முகம் சிவந்து, குனிந்து, மிஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தான்.

ரேலீனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. நாலு பேர். நாலு பேரும். அந்த ஆடுகளின் முதுகில் கை வைத்துவிட்டு நேராகப் பொய் எழுதியிருக்கிறார்கள்.

ஹெமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனான். தெளிந்த நீல வானத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"சீக்கிரம் ஊருக்குக் கிளம்பு. மழை பிடிச்சா ரோடு சேறாயிரும்."

*

வண்டியை வீட்டுக்கு ஓட்டாமல் நேராகக் கவுன்சில் கட்டடத்துக்கு விட்டாள். அங்கே நூலகத்துக்குப் பக்கத்து ஜன்னலில் அந்த ஆபீசின் ஏஜென்ட் உட்கார்வது உண்டு. வேலை நாளில் அவள் ஊரில் இருப்பதே இல்லை என்பதால் அந்த ஜன்னலைத் திறந்து பார்த்ததும் இல்லை. மார்லீன் என்ற அம்மாள் கழுத்தில் கண்ணாடி தொங்க, பின்னல் ஊசியை மேசைக்கு அடியில் ஒளித்துவிட்டு நிமிர்ந்தாள்.

ரேலீன் எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டகை, இரண்டு கூலி, பூஜ்யம், பல். ஓட்டை மட்டும் சொல்லவில்லை.

மார்லீன் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள். "பூஜ்யம் ஆனா அட்டை போயிரும்னு உனக்கு யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"எல்லாரும் தப்பு. நல்லாக் கேட்டுக்க. உழைச்ச கூலியால ஒரு பதினைஞ்சு நாளைக்குத் தொகை பூஜ்யம் ஆச்சுன்னா அவனைக் கணக்குலேருந்து எடுக்க மாட்டாங்க. தொகைதான் தூங்குது, ஆளு இருக்கான். அடுத்த தடவை உன் கூலி குறைஞ்சா தானா எந்திரிச்சு வரும். தொடர்ந்து பல மாசம் பூஜ்யமாவே இருந்தாத்தான் பேரை எடுப்பாங்க. அதுவரைக்கும் அட்டைக்கு உயிர் உண்டு."

"ஆனா டாட் தங்கச்சிக்கு..."

"அவளா?" மார்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். "அடுத்தவங்க கதையை நான் சொல்லக் கூடாது. பொதுவாச் சொல்றேன். அட்டை எப்பப் போகும்னா, சொல்ல வேண்டிய நாள்ல கூலியைச் சொல்லாம விட்டா. நல்லா சம்பாதிச்சோம், எப்படியும் ஒண்ணும் வராது, எதுக்குச் சொல்லணும்னு விட்டுருவாங்க பாரு, அப்பப் போகும். பூஜ்யமா இருந்தாலும் சொல்லணும். அப்பத்தான் முக்கியமாச் சொல்லணும்."

ரேலீனின் கை ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பெவ்வின் யோசனை. மறந்த மாதிரி இரு. அதைச் செய்திருந்தால் புதன்கிழமையே அந்த அட்டையைத் தன் கையால் கொன்றிருப்பாள்.

"அப்போ... இன்னிக்கு நான் முழுசா வேலை செஞ்சிருந்தாக்கூட?"

"செஞ்சிருந்தா இன்னும் நல்லது. கையில காசு இருந்திருக்கும். ஏன், வேலைக்குப் போகலையா இன்னிக்கு?"

"ஆடு ஈரம்," என்றாள் ரேலீன்.

மார்லீன் ஜன்னலுக்கு வெளியே, சாலையில் தெறித்த வெயிலைப் பார்த்தாள். பிறகு பின்னல் ஊசியைக் கையில் எடுத்தாள்.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை. நாலு பேர், நாலு நாள் கூலி. இளைய ஹாக்கெட்டுக்குப் போன மாசம்தான் இரண்டாவது குழந்தை. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக நாலு பேர் பொய் எழுதியிருக்கிறார்கள். எழுதாதவள் அவள் ஒருத்தி. அவர்கள் முகத்தில் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் அடுத்த தடவையும் இதே பயம், இதே பொய்.

*

புதன்கிழமை விடியற்காலையிலேயே கொட்டகைக்குத் திரும்பினாள். டீ நேரத்தில் சரிவில் ஏறி, ஒற்றைக் காலில் நின்று, அந்தப் பதினைந்து நாளில் கைக்கு வந்ததைச் சென்ட் குறையாமல் ஆபீசுக்குப் போனில் சொல்லி முடித்தாள். இறங்கி வந்து, கம்பளிப் பொதி மேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

"நேத்து ஆபீஸ்ல கேட்டேன். கூலியால பூஜ்யம் ஆனா அட்டை போகாதாம். சும்மா பயந்திருக்கேன். ஒழுங்கா நாள் தவறாமச் சொல்லிட்டு இருந்தாப் போதுமாம்."

டூலி டீயை உறிஞ்சினான். "எந்த அட்டை?"

"டூலி..."

"எனக்கு ஒரு அட்டையும் தெரியாது, தாயி. நேத்து ஆடு ஈரம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"சொட்டச் சொட்ட ஈரம்," என்றான் இளைய ஹாக்கெட். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தான்.

"இவனுக்குத்தான் கண்ணு தெரியல." டூலி மூத்த ஹாக்கெட்டைக் காட்டினான். "ஒரு நாள் கூலின்னா இவனுக்குக் குளத்துல முங்கின ஆடும் காஞ்சுபோகும்."

மூத்த ஹாக்கெட் பிஸ்கட்டை டீயில் தோய்த்தான். அது உடைந்து உள்ளே விழுந்தது. ரேலீன் வாயைத் திறந்தாள். மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள்.

அன்று சாயங்காலம் மல்கரா முடிந்தது. அவள் கைகழுவி முடிக்குமுன் கூலி வந்துவிட்டது.

*

வியாழக்கிழமை பல் வண்டி பள்ளிக்கூட மைதானத்தில் நின்றது. டெஸ் கழுத்துத்துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரன் மாதிரி வந்தான். வரவேற்பில் இருந்த பெண் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"கொஞ்சம் இருங்க."

ரேலீனுக்கு மார்லீன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உதிர ஆரம்பித்தது. தப்பாகப் புரிந்துகொண்டோமோ? பல மாசம் என்றாளா, சில நாள் என்றாளா? தன் கையைப் பிடித்திருந்த டெஸ்ஸின் விரல் இறுகுவது தெரிந்தது.

"இந்த மைதானத்துல நெட்டே எடுக்க மாட்டேங்குது," என்றாள் அந்தப் பெண். "ஆங், வந்துருச்சு. செல்லும். உள்ள போங்க, அங்கிள்."

அவன் வெளியே வந்தபோது கழுத்துத்துணி சட்டைப்பையில் இருந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தான். இரண்டு வாரத்துக்குக் கஞ்சி, குழைந்தது, மெதுவாக என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டெஸ் அடுப்பைக் காட்டினான். "விலாத்துண்டு. ஓரம் கருகணும்."

"நர்ஸ் சொன்னா..."

"நர்ஸுக்குக் கஞ்சி போடு."

ஆட்டு விலாத்துண்டைக் கொழுப்பு சீறச் சீற வறுத்து வைத்தாள். அவன் தட்டைப் பின்கட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மேசையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். கடித்தான். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது, பல் டக்கென்று சத்தம் போட்டது. நிறுத்தாமல் மென்றான்.

அப்போதுதான் போன் அடித்தது. அவள் எழுவதற்குள் டெஸ்ஸே எடுத்தான். டூலி. சாராயக்கடையிலிருந்து அவன் பேச்சு கொட்டியது. டெஸ் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் முதலில் இளகியது. பிறகு இறுகியது. போனை வைத்தான்.

"செவ்வாக்கிழமை என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லவே இல்ல."

"சொல்லக் கூடாதுல்ல."

"நாலு பேரு எனக்காக எழுதியிருக்கானுங்க." புதுப் பல்லில் 'ச' வரும்போதெல்லாம் விசிலடித்தது. குரல் மட்டும் பழைய குரல். "அந்த ஹாக்கெட் பய மட்டும் மாத்தி எழுதியிருக்கான். கூட வேலை செய்யுறவ வீட்டுல இப்படி ஒரு கஷ்டம், இவனுக்கு ஒரு நாள் கூலி பெருசாப் போச்சு. என் கையில கிடைக்கட்டும், அவனை..."

"ஹாக்கெட் இல்ல, டெஸ்."

"பின்ன எவன்?"

"நான்."

டெஸ் அவளையே பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. விலக்கினால் அழுதுவிடுவாள்.

"ஆடு காய்ஞ்சிருந்துச்சா?" என்றான்.

"காய்ஞ்சிருந்துச்சு."

"முன்காலுக்கு அடியில பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டுலயும் பாத்தேன்."

அவன் தலையாட்டினான். எலும்பை எடுத்து, ஒட்டியிருந்த கடைசிக் கறியைப் பல்லால் கிழித்து, மென்று விழுங்கினான். பிறகு எழுந்து கை கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரினான்.

"எங்க போற?"

"ஹாக்கெட்டு இந்நேரம் கடையில இருப்பான். அவனுக்கு ஒரு பீர் வாங்கித் தரணும். எதுக்குன்னு கேட்டா, பல்லு முளைச்ச சந்தோஷம்னு சொல்லிக்கிறேன்."

வாசல் கதவு மூடியது. ரேலீன் தட்டுகளை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். தெருவைக் கடக்கிற பூட்ஸ் சத்தம். கடைக்கதவின் கிரீச். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து, கொஞ்சம் விசிலோடு, ஆனால் வார்த்தை வார்த்தையாக, டெஸ்ஸின் குரல் வந்தது.

"தள்ளி உட்காருடா டூலி, நான் ஹாக்கெட்டு பக்கத்துல உட்காரப் போறேன்."